பழுது பார்க்கப்பட்ட நகரம்: இஸ்தான்புல் பயணக் குறிப்புகள்

ஞாயிறு

பழங்கட்டடங்களை நிலநடுக்கத்திலிருந்து காக்கும் வழிகளைப் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று இந்த வாரம் முழுவதும் இஸ்தான்புல்லில் நடைபெறுகிறது. பழைய செங்கல் கட்டுமானங்களில் விழும் விரிசல்களைச் சுண்ணாம்புக் கூழ் செலுத்தி நிரப்பும் முறையைப் பற்றி அதில் ஒரு கட்டுரை வாசிப்பதற்காக வந்திருக்கிறேன். கட்டமைப்புப் பொறியாளர்கள் கூடிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது. வடக்கு அனத்தோலியப் பிளவு என்னும் நெடிய நிலப்பிளவு இந்நகருக்குத் தெற்கே, மார்மரா கடலின் அடியில், கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் ஓடுகிறது. அது பெரிதாக அசைந்த காலங்களில் இந்நகரின் மாடங்களும் மதில்களும் சரிந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் சாரம் கட்டி ஏறி அவற்றைச் சரிசெய்திருக்கிறார்கள். அமர்வுகளுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் அந்தப் பழுதுபார்ப்புகளின் தடயங்களைத் தேடிப் பார்ப்பது என்ற முடிவோடுதான் விமானம் ஏறினேன். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதி வெளியிடுகிறேன்.

காலையில் தரையிறங்கி, மெட்ரோவில் தக்சிம் வரை வந்து, விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, சரிவில் இறங்கும் சுரங்கக் கேபிள் ரயிலில் கபாத்தாஷ் சென்று டிராம் பிடித்தேன். கலாத்தா பாலத்தின்மீது டிராம் ஏறியதும் வலப்புறம் பொன்கொம்பு எனப்படும் கடற்கழியும், இடப்புறம் போஸ்பரஸ் நீரிணையும், எதிரே மேட்டின்மேல் வரிசையாக எழும் குவிமாடங்களும் ஒரே பார்வையில் கிடைத்தன. பழைய நகரை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் இந்தப் பாதையில் வருவதே நல்லது.

சுல்தானகமத் நிறுத்தத்தில் இறங்கி, முதலில் பைசாந்தியர், அதாவது கிழக்கு ரோமானியர், காலத்துத் தேரோட்டத் திடலுக்குச் சென்றேன். இன்று அது ஒரு நீண்ட பூங்கா. அங்கே நிற்கும் எகிப்தியக் கல்தூபி மூன்றாம் துத்மோஸ் மன்னரின் காலத்தில் கார்னாக்கில் செதுக்கப்பட்டது, கி.பி. 390இல் பேரரசர் முதலாம் தியோடோசியஸ் அதை இங்கே நிறுத்தினார். பெரும்பாலோர் அதன் சித்திர எழுத்துகளைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அதன் அடிப்பகுதியைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூபி பீடத்தின்மீது நேராக அமர்ந்திருக்கவில்லை. நான்கு மூலைகளிலும் வைக்கப்பட்ட நான்கு வெண்கலக் கட்டிகளே முழு எடையையும் தாங்குகின்றன. குனிந்து பார்த்தால் கல்லுக்கும் பீடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாக மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறது. ஒற்றைக் கருங்கல், 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம், அடியில் நான்கே நான்கு தாங்குபுள்ளிகள்: இந்த நிலையில் அது 1600 ஆண்டுகளுக்கு மேலாக எல்லா நிலநடுக்கங்களையும் கண்டிருக்கிறது. பீடத்தின் கீழ்வரிசைச் சிற்பத்தில், வடங்களைச் சுழற்றி இழுத்து இத்தூபியை நிமிர்த்திய காட்சியையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். வேலை எப்படி நடந்தது என்பதையும் காட்டத் தோன்றிய அந்தச் சிற்பிகள்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டாயிற்று.

மாலையில் அருகிலுள்ள நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குள் இறங்கினேன். ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் கட்டப்பட்டது. வரிசைக்கு 28 ஆக 12 வரிசைகளில் 336 தூண்கள். தலைகீழாகவும் பக்கவாட்டிலும் வைக்கப்பட்ட, கிரேக்கப் புராணத்துப் பாம்புக்கூந்தல் மெதூசாவின் தலைகளைச் சுற்றித்தான் கூட்டம். 2022இல் முடிந்த சீரமைப்பின்போது, தூண்களை இணைத்திருந்த துருப்பிடித்த பழைய இரும்புக் கம்பிகளை எடுத்துவிட்டு, மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். மங்கிய ஒளியில் அண்ணாந்து பார்த்தால்தான் அவை கண்ணில் படுகின்றன. பார்வைக்கு இடையூறு செய்யாமல், அதே சமயம் தம்மைப் பழையவையாகக் காட்டிக்கொள்ளாமலும் இருக்கின்றன. ஒரு நல்ல பழுதுபார்ப்புக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

திங்கள்

இன்று முழுவதும் மண்டபத்துக்குள்ளேயே கழிந்தது. தொடக்க அமர்வில் இந்நகரின் நிலநடுக்க வரலாறு விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. 447, 557, 989, 1346 என்று ஆண்டுகள் திரையில் வரிசையாக வந்தன. 1509இல் நேர்ந்த அழிவை ‘சிறிய ஊழிக்காலம்’ என்றே ஒட்டோமான் மக்கள் அழைத்திருக்கிறார்கள். 1766இல் ஃபாத்திஹ் பள்ளிவாசல் இடிந்து, 1771இல் வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. 1894இல் பெருஞ்சந்தை சேதமடைந்தது. 1999 ஆகஸ்ட் 17 அன்று அதிகாலை 3.02 மணிக்கு, இங்கிருந்து கிழக்கே இஸ்மித் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 17,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

வடக்கு அனத்தோலியப் பிளவுக்கு ஒரு வினோதமான ஒழுங்கு உண்டு. 1939இல் கிழக்கே எர்சிஞ்ஜானில் தொடங்கிய பெரும் உடைவுகள், பல பத்தாண்டுகளாகப் படிப்படியாக மேற்கு நோக்கி நகர்ந்து 1999இல் இஸ்மித்தை எட்டின. அதற்கு அடுத்த துண்டு மார்மரா கடலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே 1766க்குப் பிறகு பெரிய உடைவு நிகழவில்லை. 2025 ஏப்ரல் 23 அன்று அதே கடலில் 6.2 அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. கட்டடங்கள் பெரிதாக விழவில்லை என்றாலும், அச்சத்தில் மேல்தளங்களிலிருந்து குதித்துப் பலர் காயமடைந்தார்கள். இதை விவரித்த உள்ளூர்ப் பேராசிரியரின் குரலில் பதற்றம் இல்லை. ஆனால் அவர் ‘வந்தால்’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை, ‘வரும்போது’ என்றே சொன்னார். மண்டபத்தில் இருந்தவர்கள் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது.

பிற்பகலில் சிமெண்டா சுண்ணாம்பா என்ற பழைய வழக்கு மீண்டும் அரங்கேறியது. இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பழங்கட்டடங்களின் விரிசல்களுக்குள் சிமெண்டுக் கூழைச் செலுத்தினார்கள். சிமெண்ட் விரைவாக இறுகுகிறது, வலுவாகவும் இருக்கிறது. அந்த மிகுதியான இறுக்கமே பழைய சுவருக்குப் பகையாகிவிடுகிறது. சுற்றியுள்ள மென்மையான செங்கலும் சுண்ணாம்புக் காரையும் அசையும்போது சிமெண்ட் நிரப்பிய பகுதி மட்டும் அசைய மறுக்கிறது. அதனால் அதன் விளிம்பிலேயே புதிய விரிசல் பிறக்கிறது. சிமெண்டிலிருந்து கசியும் உப்புகள் செங்கலை அரிக்கின்றன. சுவருக்குள் நுழைந்த ஈரமும் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. என் கட்டுரையும் இந்தக் கட்சியைச் சேர்ந்ததுதான் என்பதால், எதிர்த்தரப்பினர் எழுப்பிய ஐயங்களை ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டேன். சுண்ணாம்பு இறுகுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமே, அதற்குள் அடுத்த அதிர்வு வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி.

இரவில் கலாத்தா கோபுரம் வரை நடந்துவிட்டு வந்தேன். ஜெனோவா வணிகர்கள் 1348இல் எழுப்பியது. மேலே ஏறுவதற்கான வரிசை நீளமாக இருந்ததால் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்

காலை இரண்டாம் அமர்வில் என் கட்டுரையை வாசித்தேன். கேள்வி நேரத்தில், சுவரோவியங்களைப் பாதுகாக்கும் பணியில் இருக்கும் துருக்கிய அம்மையார் ஒருவர் எழுந்து, “நீங்கள் செலுத்தும் கூழ் பழைய காரையைப் போலவே இருக்கும் என்கிறீர்கள். அப்படியானால் நூறு ஆண்டு கழித்து இந்தச் சுவரைத் திறப்பவர், எது பழையது, எது உங்களுடையது என்று எப்படித் தெரிந்துகொள்வார்?” என்று கேட்டார். பொருத்தமான பொருளைத் தேடுவதிலேயே ஆண்டுகள் கழிந்த எனக்கு, அந்தப் பொருத்தமே பின்வருபவருக்கு ஒரு புதிராக முடியும் என்பது உறைத்தது. ஆவணப்படுத்துவோம் என்று பொதுவாகப் பதில் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஆனால் அவருக்கு நிறைவு ஏற்படவில்லை என்பது தெரிந்தது.

பிற்பகல் ஓய்வு. தேவாலயமாகப் பிறந்து, பின்னர் பள்ளிவாசலாகவும் அருங்காட்சியகமாகவும் இருந்த ஹாகியா சோபியாவுக்குப் போனேன்.

இதைப் பற்றிக் கல்லூரிக் காலம் முதல் படித்திருக்கிறேன், வரைந்திருக்கிறேன், கணக்கிட்டிருக்கிறேன். 532இல் பேரரசருக்கு எதிராக எழுந்த நீக்கா கலவரத்தில் முந்தைய தேவாலயம் எரிந்த சில வாரங்களிலேயே ஜஸ்டினியன் வேலையைத் தொடங்கச் செய்தார். திரால்லஸ் ஊர் அந்தேமியஸும் மிலேத்தஸ் ஊர் இசிதோரும் ஆறு ஆண்டுகள் நிறைவதற்குள் 537இல் முடித்துக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அது நம்ப முடியாத வேகம். அந்த வேகத்தின் விலையை இன்றும் கட்டடத்தின் உடம்பில் பார்க்க முடிகிறது.

2020இல் மீண்டும் பள்ளிவாசலான பிறகு கீழ்த்தளம் தொழுகைக்கு உரியது. 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகள் தனி வாயில் வழியாக மேல்மாடத்துக்கு மட்டுமே செல்ல முடியும். இதற்காக வருத்தப்படுகிறவர்கள் உண்டு. என் போன்றவர்களுக்கோ மேல்மாடமே மிகச் சிறந்த இடம். கட்டடம் எவ்வளவு நெளிந்திருக்கிறது என்பதைக் கண் மட்டத்தில் பார்க்க அங்கேதான் முடிகிறது.

மேல்மாடத்தின் தூண் வரிசைக்கு நேராக நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். தூண்கள் செங்குத்தாக இல்லை. மையத்திலிருந்து விலகி வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பது எந்தக் கருவியும் இல்லாமலே தெரிகிறது. இந்தக் கட்டுமானத்தில் செங்கல்லின் கனத்துக்கு நிகராகக் காரையின் கனமும் இருக்கிறது. சுண்ணாம்போடு செங்கல் தூளும் துண்டுகளும் கலந்த காரை அது. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் படித்தவர்களுக்குச் சுர்க்கி என்ற பெயரில் அது பழக்கமானதுதான். இத்தகைய காரை முழு வலிமை பெறுவதற்கு நெடுங்காலம் ஆகும். அது இறுகுவதற்கு முன்பே மேலே வளைவுகளும் மாடமும் ஏறிவிட்டதால், கட்டிக்கொண்டிருக்கும்போதே கட்டடம் நெளியத் தொடங்கிவிட்டது. தூண்களின் தலையிலும் அடியிலும் வெண்கல வளையங்கள் பூட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு மிக அருகில் நின்று பார்த்தேன். பச்சை படிந்த அந்த வளையத்தின் மேல்விளிம்புக்கு மேலே பளிங்கில் ஒரு மெல்லிய விரிசல் ஓடி, வளையத்துக்குள் புகுந்து மறைகிறது. பளு ஏறும்போது தூணின் முனை பிளந்துவிடும் என்று எதிர்பார்த்து, முன்கூட்டியே அதைப் பட்டையால் இறுக்கியவர்கள் எத்தகைய கைவினைஞர்களாக இருந்திருப்பார்கள்!

முதல் குவிமாடம் இன்றிருப்பதைவிடத் தட்டையானது. 553இலும் 557இலும் வந்த நிலநடுக்கங்களுக்குப் பிறகு, 558இல் அதன் கிழக்குப் பகுதி விழுந்தது. பழைய இசிதோரின் உறவினரான இளைய இசிதோர், மாடத்தை ஏறக்குறைய 6 மீட்டர் உயர்த்திக் கட்டினார். 562இல் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. மாடம் தட்டையாக இருக்க இருக்க அது தன் தாங்கிகளை வெளிப்புறமாகத் தள்ளும் விசை கூடும்; உயர்த்தினால் அந்த விசை குறைந்து, எடை கீழ்நோக்கி இறங்கும். கணினியோ நவீன இயக்கவியலோ இல்லாத காலத்தில், விழுந்ததைப் பார்த்தே அவர் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார். 989இல் மேற்குப் பகுதி விழுந்தபோது, ஆர்மேனியக் கட்டடக் கலைஞர் த்ரிதாத் அதைத் திரும்பக் கட்டினார். 1346இல் மீண்டும் கிழக்குப் பகுதி விழுந்தது, அதையும் கட்டினார்கள். ஆகவே இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஒரே மாடத்தில், வடக்கிலும் தெற்கிலும் ஆறாம் நூற்றாண்டும், மேற்கில் பத்தாம் நூற்றாண்டும், கிழக்கில் பதினான்காம் நூற்றாண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. விட்டம் ஏறக்குறைய 31 மீட்டர் என்று எழுதுகிறோமே தவிர, அது சரியான வட்டமும் அல்ல.

இன்று அந்த மாடத்தை முழுமையாகப் பார்க்க முடியவில்லை. 2025இல் தொடங்கிய குவிமாடச் சீரமைப்புக்காக எழுப்பியிருக்கும் சாரம் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்தினர் ஏமாற்றத்தோடு முணுமுணுத்தார்கள். எனக்கோ, இந்தக் கட்டடத்தை அதன் இயல்பான நிலையில் பார்த்துவிட்டதாகவே தோன்றியது. 562க்குப் பிறகு த்ரிதாத், 1570களில் வெளிப்புற முட்டுச்சுவர்களைச் சேர்த்த ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான், 1847 முதல் 1849 வரை மாடத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி பூட்டிய ஃபொஸ்ஸாத்தி சகோதரர்கள் என்று, சாரம் இதற்குப் புதியதல்ல. பழுது பார்க்கப்படாமல் விடப்பட்டிருந்தால் இது என்றோ ஒரு கல்மேடாகியிருக்கும்.

வெளியேறும் முன் தெற்கு மேல்மாடத்தில் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் வைக்கிங் வீரன் ஒருவன் கீறிய ரூனிக் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளையும், கிறிஸ்துவிடம் மரியாளும் யோவானும் மன்றாடுவதைக் காட்டும், பதிமூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தெய்சிஸ் மொசைக்கையும் பார்த்தேன். அந்த மொசைக்கின் கீழ்ப்பாதி உதிர்ந்துபோயிருந்தாலும், எஞ்சிய மூன்று முகங்களிலும் உள்ள துயரத்தின் நுட்பம் குறையவில்லை. உதிர்ந்த பகுதியைப் புதிதாக வரைந்து நிரப்பாமல் வெறுமையாகவே விட்டது சரியான முடிவு.

புதன்

முற்பகல் அமர்வுகள் எஃகுப் பாலங்களைப் பற்றியவை என்பதால், சுலைமானியா பள்ளிவாசலுக்குச் சென்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் முதலில் உணர்ந்தது, நேற்றைய கட்டடத்தில் இருந்த தவிப்பு இங்கே இல்லை என்பதைத்தான்.

சினான் 1550 முதல் 1557 வரை, சுல்தான் சுலைமானுக்காக இதைக் கட்டினார். அடிப்படைத் திட்டம் ஹாகியா சோபியாவினுடையதே: நான்கு பெருந்தூண்கள், நான்கு வளைவுகள், நடுவில் குவிமாடம், இரு எதிர்ப்பக்கங்களில் மட்டும் அரைமாடங்கள். அரைமாடங்கள் இல்லாத மற்ற இரு பக்கங்களில் மாடத்தின் தள்ளுவிசையை எப்படி ஏந்துவது என்பதுதான் அந்தப் பழைய கட்டடத்தைப் பிறந்த நாள் முதல் வாட்டிய சிக்கல். அங்கே பின்னால் வந்தவர்கள் வெளியே பெரும் முட்டுச்சுவர்களை ஒட்டவைக்க நேர்ந்தது. சினான் அந்த முட்டுச்சுவர்களைத் தொடக்கத்திலேயே திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். பாதி சுவருக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் அவை அமைந்திருக்கின்றன. வெளிப்பக்கம் அவற்றுக்கு இடையே ஈரடுக்குத் தாழ்வாரம், உட்பக்கம் மேல்மாடம். இவற்றின் நடுவே முட்டுச்சுவர் என்ற ஒன்று இருப்பதே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கவாட்டு முற்றத்தில் நின்று எண்ணிப் பார்த்துத்தான் நான் அவற்றைக் கண்டுபிடித்தேன். ஆயிரம் ஆண்டு காலப் பழுதுகளைப் படித்து, அவை அனைத்துக்குமான விடையை வரைபடத்திலேயே எழுதியவர் அவர் என்பது என் கருத்து. குவிமாடத்தின் விட்டம் ஏறக்குறைய 26.5 மீட்டர், உயரம் அதைப்போல் இரு மடங்கு.

இதுவும் காயமின்றித் தப்பிய கட்டடம் அல்ல. 1660இல் தீயில் சிக்கியது. 1766 நிலநடுக்கத்தில் மாடத்தின் ஒரு பகுதி விழுந்தது. ஆனால் அதன் எலும்புக்கூடு கலையவில்லை.

எண்ணெய் விளக்குகளின் புகையைக் காற்றோட்டத்தின் வழியே வாயிலுக்கு மேலுள்ள ஒரு சிறு அறைக்கு இழுத்து, அங்கே படிந்த கரியைச் சுரண்டி எழுத்துக் கலைஞர்களுக்கு மை செய்தார்கள் என்பது இங்கே எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் செய்தி. மாடத்து ஓவியங்கள் புகை படிந்து கெடாமல் இருப்பதற்கும் அதுவே வழியாயிற்று. பராமரிப்பை அன்றாடத் தொழிலோடு இணைத்துவிட்டால் அது ஒருபோதும் தவறுவதில்லை.

வளாகத்துக்கு வெளியே, வடக்கு மூலையில், இரு தெருக்கள் சந்திக்கும் முக்கோணத் துண்டு நிலத்தில் சினானின் கல்லறை இருக்கிறது. 1588இல் இறந்தார், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர். கம்பி வலையிட்ட சாளரத்தின் வழியாக எட்டிப் பார்த்து வணங்கிவிட்டு, பிற்பகல் அமர்வுக்கு விரைந்தேன்.

பிற்பகலில் அடித்தள அதிர்வுத் தாங்கிகள் பற்றிய அமர்வு. கட்டடத்தை நிலத்தோடு இறுகக் கட்டாமல், குழிந்த எஃகுத் தட்டுகளின்மேல் நிறுத்துகிறார்கள்; நிலம் அசையும்போது கட்டடம் கிண்ணத்துக்குள் வைத்த கோலிக்குண்டைப் போல மெதுவாகச் சரிந்து, தானே நடுவுக்குத் திரும்புகிறது. நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதிகளில் 100 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளை இப்படித்தான் கட்ட வேண்டும் என்று துருக்கி சுகாதார அமைச்சகம் 2013இல் உத்தரவிட்டது. இஸ்தான்புல்லின் பஷாக்ஷெஹிர் பகுதியில் 2020இல் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனை வளாகம் 2,000க்கும் மேற்பட்ட தாங்கிகளின்மேல் நிற்கிறது. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியின் தென்கிழக்கில் நிலநடுக்கத்தால் அழிவு நேர்ந்தபோது, இத்தகைய தாங்கிகளின்மேல் நின்ற மருத்துவமனைகள் தொடர்ந்து இயங்கியதைப் படங்களோடு விளக்கினார்கள். அதே நகரங்களில் தரைமட்டமான குடியிருப்புகளின் படங்களும் அடுத்தடுத்து வந்தன. கேள்வி நேரத்தில் சற்று நேரம் யாரும் எழவில்லை.

வியாழன்

கருத்தரங்கு அமைப்பாளர்களே ஏற்பாடு செய்த களப்பயணம். பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்துத் தியோடோசியஸ் மதிலை ஒட்டிப் பேருந்தில் சென்று, மெவ்லானா வாயிலில் இறங்கினோம்.

413 அளவில் நிறைவேறிய இந்த நிலப்புற மதில், 447இல் வந்த நிலநடுக்கத்தில் 57 கோபுரங்கள் சேதமடைந்து திறந்து கிடந்தது. ஹூணர் தலைவன் அத்திலாவின் படை நகரை அச்சுறுத்திக்கொண்டிருந்த நேரம் அது. கிழக்குப் பேரரசின் தலைமை நிர்வாகியாக இருந்த கான்ஸ்டன்டைன் என்பவர், அறுபது நாட்களில் மதிலைத் திரும்பக் கட்டி முடித்தார். அதைச் சொல்லும் கல்வெட்டு இந்த வாயிலில் இன்றும் இருக்கிறது. அத்தீனா எனப்படும் பல்லாஸ் தேவியேகூட இவ்வளவு விரைவாக இவ்வளவு உறுதியான கோட்டையைக் கட்டியிருக்க முடியாது என்று அதன் இலத்தீன் வரிகள் பெருமிதம் கொள்கின்றன. பழுது பார்த்த ஒருவர், எத்தனை நாளில் செய்தேன் என்று கல்லில் எழுதி வைத்திருப்பதை என் வாழ்நாளில் வேறெங்கும் பார்த்ததில்லை.

மதிலின் உடைந்த குறுக்குவெட்டு ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. வெட்டிய சுண்ணாம்புக்கல் சில வரிசைகள், பிறகு ஐந்து வரிசை செங்கல், மீண்டும் கல் என்று மாறி மாறி வருகிறது. செங்கல் பட்டைகள் முகப்பு அழகுக்கானவை அல்ல. அவை சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவிச் சென்று, நடுவே உள்ள உடைகல்லும் காரையும் கலந்த கருவை இருபுற முகங்களோடும் பிணைக்கின்றன. கோபுரங்களையோ சுவரோடு பிணைக்காமல் தனிக் கட்டுமானங்களாக எழுப்பியிருக்கிறார்கள். கனமான கோபுரம் ஒரு விதமாகவும் சுவர் வேறு விதமாகவும் மண்ணில் அமிழும்போது ஒன்றை ஒன்று கிழித்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இன்று நாம் கட்டடங்களுக்கு இடையே விடும் இணைப்பு இடைவெளிக்கு இதுவே மூதாதை.

இன்னும் சற்றுத் தொலைவில், 1980களுக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்ட பகுதிகளைக் காட்டினார்கள். 1999 நிலநடுக்கத்தில் இத்தகைய புதுப்பித்த பகுதிகள் உதிர்ந்து விழுந்தன. அவற்றுக்கு அடியிலிருந்த பழைய மதிலோ அப்படியே நின்றது. உடன் வந்த பொறியாளர் புதிய முகப்புக் கல் ஒன்றை விரல் மூட்டால் தட்டி, “உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், ஹோஜாம் (ஆசிரியரே)” என்றார். பொள்ளலான ஒலி வந்தது. பழைய முகத்தைத் தட்டியபோது ஒலியே எழவில்லை. பழைய கருவோடு பிணைக்காமல் வெளியே ஒரு புதுத் தோலை மட்டும் போர்த்தியதன் விளைவு அது. இந்தக் கருத்தரங்கின் அத்தனை உரைகளையும்விட அந்த இரண்டு தட்டல்கள் எனக்கு அதிகம் கற்பித்தன. அகழி இருந்த இடத்தில் காய்கறித் தோட்டங்கள் சில இன்னும் பயிராகின்றன; நகரத்துக்குள் பல நூற்றாண்டுகளாகத் தொடரும் பயிர்த்தொழில் அது.

அங்கிருந்து எதிர்னே வாயிலருகே உள்ள மிஹ்ரிமா சுல்தான் பள்ளிவாசல். சுல்தான் சுலைமானின் மகளுக்காக 1560களில் சினான் கட்டியது. நேற்றைய சுலைமானியாவில் கண்ட எச்சரிக்கை இங்கே இல்லை. அரைமாடங்களே கிடையாது; 20 மீட்டர் விட்டமுள்ள மாடம் நான்கு வளைவுகளின்மேல் தனித்து நிற்க, வளைவுகளுக்கு அடியில் உள்ள சுவர்கள் முழுவதும் சாளரங்கள். உள்ளே நுழைபவர் ஒளியில் நனைந்துவிடுகிறார். இஸ்தான்புல்லில் நான் பார்த்தவற்றுள் மிக அழகிய உள்வெளி இதுவே. அதற்கான விலையும் பெரியது: 1719, 1766, 1814, 1894, 1999 என்று ஒவ்வொரு நிலநடுக்கமும் இதைச் சேதப்படுத்தியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்திருக்கிறார்கள் என்பதில்தான், இந்நகரத்து மக்கள் இந்த ஒளியை எவ்வளவு விரும்பியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. சாளரங்களை அடைத்துச் சுவராக்கிவிட்டால் கணக்கு எளிதாகிவிடும், பள்ளிவாசல் போய்விடும்.

நடந்து செல்லும் தூரத்தில் கரியே பள்ளிவாசல், அதாவது பழைய கோரா தேவாலயம். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோடோர் மெத்தோகித்திஸ் என்ற அரசவை அறிஞரின் செலவில் உருவான மொசைக்குகளும் சுவரோவியங்களும் இங்கே உள்ளன. 2024இல் மீண்டும் திறந்தார்கள். செவ்வாயன்று என்னைக் கேள்வி கேட்ட அம்மையாரும் களப்பயணத்தில் வந்திருந்தார். ஓவியத்தில் நிரப்பிய பகுதிகளை அருகில் சென்றால் பிரித்தறியலாம், தொலைவில் நின்றால் கண்ணை உறுத்தாது என்ற அளவில் அவர்கள் தொழிலில் கடைப்பிடிக்கும் முறையை, ஒரு சுவரின் முன் நிறுத்தி எனக்கு விளக்கினார். சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும் எங்களுக்கு இந்த வசதி இல்லை. கூழில் தீங்கற்ற ஒரு அடையாளப் பொருளைக் கலக்கலாமா என்று நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வெள்ளி

நிறைவு அமர்வில், பழுதுபார்ப்புப் பதிவேடுகளை யார், எந்த வடிவில், எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற விவாதம் நடந்தது. கூழின் கலவை விகிதம், செலுத்திய துளைகளின் இடம், அழுத்தம், உள்ளே சென்ற அளவு ஆகியவற்றைக் கட்டடத்திலேயே ஒரு பீங்கான் தகட்டில் பொறித்து வைக்கலாம் என்று முன்மொழிந்தேன். ஏற்றவர்களும் மறுத்தவர்களும் இருந்தார்கள். என் கட்டுரையின் அச்சு வடிவத்தில் இதைத் தனிப் பகுதியாகச் சேர்க்கப் போகிறேன்.

நண்பகலில் வெள்ளிக்கிழமைத் தொழுகை என்பதால் பள்ளிவாசல்கள் பார்வையாளர்களுக்கு மூடியிருந்தன. சிர்கெஜி நிலையத்தில் நகரும் படிகளில் நெடுநேரம் கீழே இறங்கி, மர்மராய் ரயிலில் நீரிணைக்கு அடியாக ஆசியக் கரையிலுள்ள உஸ்குதாருக்குச் சென்றேன். 2013இல் திறக்கப்பட்ட இந்தத் தடத்தில், ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் நீளத்துக்கு முன்கூட்டியே வார்த்த 11 கான்கிரீட் குழாய்த் துண்டுகளைக் கடலடியில் இறக்கி இணைத்திருக்கிறார்கள். மிக ஆழமான இடம் நீர்மட்டத்திலிருந்து 60 மீட்டர் அளவில் இருக்கிறது. நிலம் அசையும்போது விட்டுக்கொடுக்கும் வளைதிறன் உள்ள இணைப்புகளை, குடைந்த சுரங்கமும் மிதந்து வந்து அமர்ந்த குழாயும் சேரும் இடங்களில் வைத்திருக்கிறார்கள். இதே திட்டத்துக்காக யெனிகாப்பியில் தோண்டியபோதுதான் தியோடோசியஸ் துறைமுகமும் அதில் மூழ்கிய 37 பைசாந்தியக் கப்பல்களும் வெளிப்பட்டன. திட்டம் பல ஆண்டுகள் தாமதமானாலும் அவற்றை முறையாக எடுத்துப் பாதுகாத்ததைப் பாராட்டவே வேண்டும். திரும்பும்போது எமினோனுவுக்குப் படகில் வந்தேன்.

இந்நகருக்கு வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஹாகியா சோபியாவை முதல் நாளும் சுலைமானியாவை மறுநாளும் பாருங்கள். வரிசையை மாற்றினால் சினான் எதற்கு விடை தேடினார் என்பது புலப்படாது. மேல்மாடத்தில் மொசைக்குகளுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது தூண்களின் சாய்வுக்கும் வெண்கல வளையங்களுக்கும் கொடுங்கள். மிஹ்ரிமா பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரம் தவிர்த்து, வெயில் நன்றாக ஏறிய பிறகு செல்லுங்கள். மதிலை மெவ்லானா வாயிலிலிருந்து வடக்கே எதிர்னே வாயில் வரை நடந்து பார்ப்பதே சிறந்தது. பகலில் செல்லுங்கள், துணையோடு செல்லுங்கள், உறுதியான காலணி அணிந்துகொள்ளுங்கள்.